ஹிப்-ஹாப் டிரம்: எட்டாவது கட்டத்தின் 27 மில்லி விநாடி

[திரை: மென்பொருளின் டிரம் கிரிட். ஒரு பார், பதினாறு கட்டங்கள். டெம்போ 90. பேட்டர்ன் ஓடுகிறது.]

இப்போது நீங்கள் கேட்பது ஒரே ஒரு பார் நீளமுள்ள டிரம் பேட்டர்ன்; ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை, ஒவ்வோர் எண்ணிக்கையும் நான்கு கட்டங்கள். கனமாக ஒலிக்கும் பெரிய டிரம்மான கிக் 1, 8, 11 ஆகிய கட்டங்களிலும், கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம் 5, 13 ஆகிய கட்டங்களிலும், ஜோடித் தட்டான ஹை-ஹேட் ஒற்றைப்படைக் கட்டங்கள் எட்டிலும் விழுகின்றன. அமைப்பில் பிழை எதுவும் இல்லை. எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்கள் ஏறத்தாழ இதே எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன. ஆனாலும் இதை ஒரு நிமிடம் தொடர்ந்து கேட்டால் யாருடைய தலையும் அசையாது.

இந்த இடத்தில்தான் பலர் புதிய டிரம் சாம்பிள்களை, அதாவது பதிவுசெய்த ஒலித்துண்டுகளை, தேடிப் போகிறார்கள். நானும் போனேன். கிக் சத்தம் சரியில்லை, ஸ்னேரில் கனம் இல்லை என்று மாதக்கணக்கில் சாம்பிள்களை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தேன். ராப் எழுதும் நண்பர் ஒருவர் என் பீட்டைக் கேட்டுவிட்டு, "சத்தமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரியை எங்கே உட்கார வைப்பது என்றுதான் தெரியவில்லை" என்றார். பழைய சாம்பிள்களை அப்படியே வைத்துக்கொண்டு, அடிகள் விழும் நேரத்தையும் ஒவ்வோர் அடியின் வலுவையும் மட்டும் மாற்றிப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரிந்தது. இந்த வீடியோவிலும் நாம் ஒரு சாம்பிளைக்கூட மாற்றப் போவதில்லை.

[திரை: ஸ்விங் குமிழ். அளவு 50.]

முதலில் ஸ்விங். ரோஜர் லின் 1980-இல் வெளியிட்ட எல்எம்-1 என்ற டிரம் மெஷினில், வாசித்ததைக் கட்டத்துக்குள் இழுத்துச் சரிசெய்யும் குவாண்டைஸ் வசதியும், சரிசெய்த கட்டங்களை ஓர் ஒழுங்கோடு தள்ளி வைக்கும் ஸ்விங் வசதியும் சேர்ந்தே வந்தன. பிறகு ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்து 1988-இல் வெளியான எம்பிசி60, பதினாறு ரப்பர் பேட்களோடு, அதே ஸ்விங்கை ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களின் விரல் நுனிக்குக் கொண்டுவந்தது. இன்று உங்கள் மென்பொருளில் உள்ள ஸ்விங் குமிழ் அந்தக் கருவிகளின் வழிவந்ததுதான்.

அது செய்வது ஓர் எளிய கணக்கு. டெம்போ 90, அதாவது நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை என்றால், ஓர் எண்ணிக்கைக்கு 667 மில்லி விநாடி, ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 167. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை ஒரு ஜோடியாகக் கொண்டால் 333 மில்லி விநாடி கிடைக்கிறது. அதில் முதல் கட்டம் எத்தனை விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்பதே ஸ்விங் எண். 50 என்றால் இரண்டும் சமம். 54 என்றால் இரண்டாவது கட்டம் 13 மில்லி விநாடி தாமதமாக விழுகிறது; 58-இல் அந்தத் தாமதம் 27; 66-இல் ஏறத்தாழ 53. நம் ஊர்த் தாள மொழியில் சொல்வதானால், 50 என்பது சதுஸ்ர நடை, 66-ஐ எட்டும்போது அது திஸ்ர நடையாகிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, எந்த நடைக்கும் முழுதாகச் சேராத 54 முதல் 62 வரையிலான பகுதியில்தான் இந்த வேகத்து ஹிப்-ஹாப் பெரும்பாலும் வாழ்கிறது என்பது என் காது சொல்வது.

[திரை: ஸ்விங் 58. நகரும் அடிகள் மட்டும் நிறம் மாறுகின்றன.]

இப்போது 58 வைக்கிறேன். திரையைக் கவனியுங்கள்: எட்டாவது கட்டத்தில் உள்ள கிக் ஒன்று மட்டுமே நகர்ந்திருக்கிறது. ஸ்விங் தொடுவது இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும்தான். நம் ஹை-ஹேட் முழுவதும் ஒற்றைப்படையில் இருப்பதால் அதற்கு எதுவும் நேரவில்லை. "ஸ்விங் போட்டேன், வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்பவர்களின் பேட்டர்னைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இரட்டைப்படைக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஆகவே அங்கே எதையாவது வைக்க வேண்டும். 10, 16 ஆகிய கட்டங்களில் மிக மெல்லிய ஸ்னேர் அடிகள் இரண்டைச் சேர்க்கிறேன். இப்போது கேளுங்கள்.

[பேட்டர்ன் இரண்டு முறை ஓடுகிறது.]

பதினாறாவது கட்டத்தின் அந்தச் சிறு அடி தாமதமாக விழுவதால், அடுத்த பாரின் முதல் கிக்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அந்த நெருக்கம்தான் லூப்பை மீண்டும் தொடக்கத்துக்கு இழுத்து வருகிறது.

ஸ்விங் எல்லா ஜோடிகளையும் ஒரே அளவில் தள்ளுவது. அதற்கு அடுத்த படி, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே நகர்த்துவது. இதைப் பேசும்போது டெட்ராய்ட் நகரத்தின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவைத் தவிர்க்க முடியாது. 1974-இல் பிறந்து 2006-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்த அவர் பயன்படுத்திய, எம்பிசி60-க்குப் பின்வந்த எம்பிசி3000 கருவி, வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் குவாண்டைஸை அணைத்துவிட்டு மனம்போன போக்கில் வாசித்தார் என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அவருடைய உழைப்புக்கு நியாயம் செய்யாத பேச்சு என்றே நான் கருதுகிறேன். அவருடைய டிரம்களை உற்றுக் கேட்டால், ஸ்னேர் எதிர்பார்க்கும் நேரத்துக்கு ஒரு நூல் முன்னதாக வருவதையும், கிக் சற்றுத் தளர்ந்து விழுவதையும், ஹை-ஹேட் இன்னொரு கணக்கில் நடப்பதையும் உணரலாம். லூப் திரும்பத் திரும்ப வரும்போது அந்த விலகல்களும் அதே இடத்தில், அதே அளவில் திரும்ப வருகின்றன. ஒருமுறை மட்டும் வந்தால் பிசகாகக் கேட்டிருக்கும் ஒன்றை, நான்காவது முறை வரும்போது காது ஒரு நடையாகவே ஏற்றுக்கொள்கிறது.

மென்பொருள்களில் ஹியூமனைஸ் என்ற பெயரில் உள்ள பொத்தானை நான் பயன்படுத்தாததற்குக் காரணமும் இதுவே. அது ஒவ்வோர் அடியையும் குறியில்லாமல் அங்குமிங்கும் தள்ளுகிறது. கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான உருவம் கிடைப்பதில்லை.

[திரை: கிரிட் பெரிதாக்கப்படுகிறது. ஸ்னேரின் இரண்டு பெரிய அடிகள் சற்று இடப்புறம் நகர்கின்றன.]

நம் பேட்டர்னில் 5, 13 ஆகிய இடங்களில் உள்ள ஸ்னேரை 8 மில்லி விநாடி முன்னதாக நகர்த்துகிறேன். ஹை-ஹேட்டைத் தொடவில்லை, ஆனாலும் ஹை-ஹேட் சோம்பலாகப் பின்தங்கி வருவதுபோல் இப்போது கேட்கிறது. மாறாக, ஸ்னேரை 12 மில்லி விநாடி பின்னுக்குத் தள்ளினால் முழுப் பாடலும் சாய்ந்து உட்கார்ந்துவிடும். எது வேண்டும் என்பதை ராப் பாடுபவரின் குரல்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மூன்று வாத்தியங்களையும் ஒருசேர நகர்த்தினால் எதுவுமே நகர்ந்ததாகாது. குறைந்தது ஒன்றாவது கட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும்.

அடுத்தது வலு. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு, 1969-இல் பதிவாகி மறு ஆண்டு வெளியான 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் வாசித்த பகுதி ஹிப்-ஹாப்பில் மிக அதிகமாகச் சாம்பிள் எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அதில் உரக்கக் கேட்கும் ஸ்னேர் அடிகளுக்கு நடுவே, குச்சி தோலை மெல்லத் தொட்டுச் செல்லும் சிறு அடிகள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். கோஸ்ட் நோட் என்று சொல்வது அவற்றைத்தான். நாம் சற்று முன்பு சேர்த்த இரண்டு அடிகளும் அந்த வகையே.

இசைக் கருவிகளும் மென்பொருள்களும் பேசிக்கொள்ளும் மிடி முறையில், அடியின் வலுவைக் குறிக்கும் வெலாசிட்டி 1 முதல் 127 வரை செல்கிறது. பெரிய ஸ்னேருக்கு 118 கொடுத்தால், கோஸ்ட் அடிகளுக்கு 30 முதல் 40 வரை போதும். டிரம் மட்டும் ஓடும்போது அவை போதாததுபோல் தோன்றும்; பேஸும் மெலடியும் சேர்ந்த பிறகு, தனியாகக் காதில் விழாமல், நிறுத்தினால் மட்டும் குறை தெரியும்படி இருக்க வேண்டும். ஹை-ஹேட்டில் 1, 5, 9, 13 ஆகியவற்றுக்கு 95, இடையில் உள்ளவற்றுக்கு 60 என்று தொடங்கி, பிறகு கையால் சற்றுக் கூட்டிக் குறைக்கிறேன். இன்னொரு நுட்பமும் உண்டு: உண்மையான டிரம்மில் மெல்லிய அடி ஒலியில் குறைவது மட்டுமல்ல, அதன் கூர்மையும் மழுங்கிவிடும். எனவே வெலாசிட்டி குறையும்போது, கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரும் சற்று மூடும்படி சாம்பிளரில் இணைத்துவிட்டால், ஒரே சாம்பிள் பல அடிகளாகக் கேட்கத் தொடங்கும்.

ஹிப்-ஹாப்பின் ட்ராப் என்ற வகைக்கு இவற்றில் பாதி பொருந்தாது. அங்கே டெம்போ 140-ஐ ஒட்டி இருக்கும், ஸ்னேர் பாரின் மூன்றாம் எண்ணிக்கையில் ஒரே முறை விழும், ஹை-ஹேட் கட்டத்தோடு ஒட்டியே ஓடும். அந்த இயந்திரத்தனம் அந்த வகையின் அழகு. அங்கே உங்கள் உழைப்பு ஹை-ஹேட் ரோல்களில் வலு ஏறி இறங்கும் விதத்துக்கும், 808 எனப்படும் நீண்டு ஒலிக்கும் பேஸ் எப்போது நிற்கிறது என்பதற்கும் போக வேண்டும். 808-இன் ஒரு சுரம் முடியும் முன்பே அடுத்தது தொடங்கி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒலித்தால், எத்தனை நல்ல கிக்கும் சேற்றில் அடித்ததுபோல் மங்கிவிடும். அந்த டிராக்கை ஒரு நேரத்தில் ஒரே ஒலி வருமாறு மாற்றிவிடுங்கள்.

[திரை: நான்கு பார்கள். கடைசிப் பாரில் கிக் நீக்கப்பட்ட இடம் வெறுமையாக.]

கடைசியாக, இந்த ஒரு பாரை நான்காக நகலெடுத்து, நான்காவது பாரின் பதினோராவது கட்டத்துக் கிக்கை மட்டும் நீக்குகிறேன். இப்போது ஒலியளவைப் பக்கத்தில் இருப்பவரின் பேச்சு கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, தொடக்கத்தில் கேட்ட பேட்டர்னையும் இதையும் அடுத்தடுத்து ஓட விடுகிறேன்.

[பழைய பேட்டர்ன், நான்கு பார்கள். புதிய பேட்டர்ன், நான்கு பார்கள். திரை அணைகிறது.]