சூட்டுக்கோலைக் கீழே வையுங்கள்

வணக்கம் நேயர்களே. வன்னியில் கனகாலம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். இன்று நொண்டும் மாட்டைப் பற்றிக் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாட்டுவண்டிச் சவாரி நாம்பன். திடலில் ஓடிய மறுநாள் முன்னங்காலை ஊன்ற மறுத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்தில் மூன்று சூட்டுக் கோடுகள். தோல் கருகி, ஓரத்தால் நீர் வடிந்துகொண்டிருந்தது. மெல்லத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வீங்கிக் கொதித்தது. "டொக்டர், சூடு வைச்சால் நரம்பு இறுகும் எண்டு அப்பு சொல்லித் தந்தவர்" என்றார் வளர்த்தவர். இரவு முழுக்கக் கண் மூடாமல் அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்திலும் பந்தயக் குதிரைகளின் காலுக்கு நெடுங்காலம் இப்படித்தான் சூடு போட்டார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். சூட்டினால் தசைநாண் ஆறுவதற்கு எந்த நன்மையும் இல்லை என்று தெரிந்தது. 1991இல் அந்நாட்டு மிருக வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான அரச மிருக வைத்தியர் கல்லூரி, அது வைத்தியருக்குத் தகாத செயல் என்றே அறிவித்தது.

சரி, சூடு வைத்த மாடு சில வேளை சுகமாகிறதே என்று கேட்பீர்கள். சூட்டுப் புண்ணோடு அதை யாரும் வண்டியில் பூட்டுவதில்லை. அந்த ஓய்வுதான் அதைக் குணப்படுத்துகிறது.

தசைநாண் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளை ஒரே திசையில் முறுக்கிய கயிறு மாதிரி. அறுந்த இடத்தில் முதலில் வருவது நலிந்த வேறு வகைக் கொலாஜன், அதுவும் தாறுமாறாகப் பின்னியபடி. அது நேராகி உறுதிப்பட மாதக்கணக்கில் எடுக்கும். குதிரைக்கு 9 முதல் 12 மாதம் என்பார்கள். வீக்கம் வற்றியவுடன் ஓடவிட்டால் அதே இடத்தில் திரும்பவும் கிழியும். லண்டனில் ரோஜர் ஸ்மித் என்ற மிருக வைத்தியரின் குழு, குதிரையின் நெஞ்செலும்பு மச்சையிலிருந்து குருத்துக் கலங்களை, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறி வளரக்கூடிய கலங்களை, எடுத்து வளர்த்து, அதே குதிரையின் காயத்துக்குள் ஊசியால் செலுத்தியது. 2012இல் வந்த ஆய்வில், அப்படிச் செய்த பந்தயக் குதிரைகளில் 100க்கு 27 அளவில்தான் திரும்பக் காயப்பட்டன. அதற்கும் மாதக்கணக்கான ஓய்வும் படிப்படியான நடையும் தேவைப்பட்டன. அந்த ஊசி எங்கள் பட்டிக்கு எப்போது வருமோ, ஓய்வும் நடையும் இன்றைக்கே எங்கள் கையில் இருக்கின்றன.

ஆகவே, முதல் இரண்டு மூன்று நாள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். கட்டி வைத்துத் தீனி போடுங்கள். மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். அப்புறம் அவர் சொல்லும் நாளிலிருந்து, கயிற்றில் பிடித்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நடத்துங்கள்.

எலும்பு முறிவு வேறு கதை. ஏ-9 வீதியில் இரவில் அடிபடும் கன்றுகளை வீணாகக் கைவிட்டுவிடுகிறோம். தோல் கிழியாமல் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தால், கன்றுக்குப் பிளாஸ்டர் போட்டுப் பெரும்பாலும் காப்பாற்றலாம். நான்கு முதல் ஆறு கிழமையில் எலும்பு கூடிவிடும். வைத்தியர் வரும்வரை பஞ்சோ பழந்துணியோ சுற்றி, மேலே மூங்கில் சிம்பு வைத்து, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் கட்டுங்கள். பெரிய மாடு விழுந்து கிடந்தால் தடித்த வைக்கோல் படுக்கை போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். புரட்டாமல் விட்டால் தன் பாரத்தாலேயே அடியிலுள்ள தசை நசிந்து செத்துவிடும். அதற்குப் பிறகு கால் சுகமானாலும் மாடு எழும்பாது.

அந்த நாம்பனை அவர் பத்து மாதம் பூட்டவில்லை. காலையில் குளக்கட்டில் நடத்திக்கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன். கால் நேராகத்தான் ஊன்றியது. சூடு வைத்த மூன்று கோட்டிலும் மயிர் முளைக்கவேயில்லை.

வணக்கம்.