அங்கவடி இல்லாத குதிரைவீரர்

காரைக்குடியில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

சென்னைக்குப் போய்வரும் நம்மவர்களிடம் அந்நாளைய சென்னை ஆளுநர் மன்றோவின் குதிரைச் சிலையைப் பற்றிக் கேட்டால், சிற்பி அங்கவடி, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம், வைக்க மறந்துவிட்டார், அது தெரிந்ததும் மனமுடைந்து உயிரை விட்டார் என்ற கதைதான் முதலில் வரும். சிறுவயதில் நானும் அதை நம்பியவன். அந்தக் கதை பிழை என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நம் ஊர்களில் புரவியெடுப்புக்கு வேளார் செய்துதரும் மண்குதிரையை நினைத்துப் பாருங்கள்: கழுத்தில் மணி, நெற்றியில் அணி, முதுகில் வண்ணம் தீட்டிய சேணம். அந்தக் குதிரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தீவுத்திடல் அருகே நடுச்சாலையில் உயர்ந்த பீடத்தின்மேல் நிற்கும் வெண்கலக் குதிரையில் சேணமும் இல்லாமல், வீரரின் கால் ஊன்ற அங்கவடியும் இல்லாமல் இருப்பது குறையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதே சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் இப்படித்தான் அமர்த்தியிருக்கிறார். அவர் செய்யத் தொடங்கிய வெலிங்டன் பிரபுவின் சிலையிலும் அங்கவடி கிடையாது. மூன்று முறையும் ஒருவர் மறந்திருக்க முடியாது. பண்டை உரோமானியக் குதிரைவீரர் சிலைகளின் மரபையே அவர் விரும்பி மேற்கொண்டார் என்று கொள்வதே பொருந்தும்.

கதையின் நிழலில் மறைந்துபோனவர் சர் தாமஸ் மன்றோ. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலில் ரீட் என்பவரின்கீழ் பணிபுரிந்து, உழவரிடமே நேராக வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு உருவம் கொடுத்தவர் அவர். நம் சிவகங்கைச் சீமை ஜமீனாக இருந்தமையால் அம்முறை இங்கே வரவில்லை. நமக்கு அவர் அந்நியராகத் தோன்ற அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வரி தண்டியவர்தான், அந்த வரியும் கனமானதுதான். ஆனால் அதில் கால்பங்கைக் குறைக்க வேண்டுமென்று 1807-இலேயே மேலிடத்துக்கு எழுதியவரும் அவரே.

1820 முதல் சென்னை ஆளுநராக இருந்தவர், தாயகம் திரும்பும் வேளையில், தாம் ஏழாண்டுகள் பணியாற்றிய கடப்பை, பெல்லாரிப் பகுதி மக்களிடம் விடைபெறப் போனார். அந்தப் பயணத்தில், 1827 ஜூலை 6 அன்று, இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. பொதுமக்களிடம் நிதி திரட்டிச் செய்த சிலை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1839-இல்தான் பீடமேறியது.