விண்கப்பலின் சூடு எங்கே போகிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் திருகோணமலையிலிருந்து என் அன்பு வணக்கம்.

விஞ்ஞானப் புனைகதைப் படங்களில் வருகிற விண்கப்பல்களைப் பற்றியும், அவற்றின் அமைப்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். நான் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். திரையில் ஒரு விண்கப்பல் வந்தால் என் கண் முதலில் எஞ்சினைத் தேடும். எஞ்சின் அகப்பட்டால் எரிபொருள் தாங்கியைத் தேடும். அதுவும் அகப்பட்டால், அந்த எஞ்சினின் சூடு எந்த வழியால் வெளியே போகிறது என்று தேடும். இந்த மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான படங்களில் பதிலே கிடைப்பதில்லை. இன்றைக்கு நான் கூடுதலாகக் கதைக்கப்போவது அதைப் பற்றித்தான்.

துறைமுகப் பட்டினத்து ஆட்களுக்குக் கப்பலைப் பார்த்தாலே அதன் தொழில் விளங்கிவிடும். உட்துறைமுகத்துக்குள் வருவது கோதுமைக் கப்பலா, எண்ணெய்க் கப்பலா, கடற்படைக் கப்பலா என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அடிப்பக்கத்துச் சிவப்பு வர்ணம் தண்ணீருக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, பாரத்தோடு வருகிறதா வெறுமையாக வருகிறதா என்று கரையில் நிற்பவர் சொல்லிவிடுவார். ஒரு கப்பல் என்ன வேலை செய்கிறது, எதோடு மல்லுக்கட்டுகிறது என்பது அதன் உடம்பிலேயே தெரியும். விண்கப்பலையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். விண்வெளியோடு அது படுகிற பாடு அதன் உருவத்தில் தெரிந்தால், கதை என்னவாக இருந்தாலும் நான் அந்தக் கப்பலை நம்பிவிடுவேன்.

சினிமாவில் விண்வெளி பெரும்பாலும் கடலையும் ஆகாயத்தையும் பார்த்து உருவானது. முன்பக்கம் பெரிய கண்ணாடி, நடுவில் கப்டனின் கதிரை, சுற்றிவர அதிகாரிகள். இது அப்படியே போர்க்கப்பலின் பிரிட்ஜ், அதாவது கப்பலை நடத்தும் மேல்தளம். 1977இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தின் சண்டைக் காட்சிகளுக்கு ஜோர்ஜ் லூக்காஸ் இரண்டாம் உலக யுத்த விமானச் சண்டைகளின் படச்சுருள்களை வெட்டி ஒட்டித்தான் மாதிரி காட்டினார். அதனால்தான் அந்த விண்கலங்கள் திரும்பும்போது விமானம் மாதிரிச் சாய்கின்றன. விமானம் சாய்வது, இறக்கையைத் தாங்குகிற காற்றைக்கொண்டு திரும்புவதற்காக. காற்றே இல்லாத இடத்தில் சாய்ந்து ஒரு பலனும் இல்லை.

எஞ்சின் விடயமும் அப்படித்தான். படங்களில் விண்கப்பலின் பின்பக்கம் எந்நேரமும் நீல வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். 1969இல் அப்பல்லோ 11 பூமியின் சுற்றுப்பாதையை விட்டுச் சந்திரனை நோக்கிக் கிளம்ப எஞ்சின் எரிந்தது ஏறக்குறைய 6 நிமிடம். அதற்குப் பிறகு மூன்று நாள் பயணம் கிட்டத்தட்ட முழுவதும் எஞ்சின் அணைந்த நிலையில்தான் நடந்தது. விண்வெளியில் எஞ்சினை நிறுத்தினால் கப்பல் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, போகிற திசைக்கு எதிராக எரிக்க வேண்டும். எரிபொருள் கணக்கும் கடுமையானது. அப்பல்லோ 11ஐ ஏற்றிக்கொண்டு கிளம்பிய சற்றேர்ண் 5 ரொக்கெட்டின் எடை 2,900 தொன் அளவில் இருந்தது. எட்டு நாளில் திரும்பி வந்து பசுபிக் கடலில் விழுந்த கூடு வெறும் 5 தொன். மற்றதில் பெரும்பங்கு எரிபொருள். ஆனால் திரையில் வரும் கப்பல்களில் அறைகளும் நடைபாதைகளும் நிறைய இருக்கும், எரிபொருள் தாங்கி இருக்காது.

இனிச் சூட்டுக்கு வருகிறேன்.

ஒரு பெரிய கப்பலின் டீசல் எஞ்சின் எரிக்கும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் சுழல்விசிறிக்குப் போகிறது. மீதி சூடு. கொஞ்சம் புகைபோக்கியால் போகும், கொஞ்சத்தைக் கடல்நீர் கொண்டுபோகும். கடல்நீரை உறிஞ்சி, கூலருக்குள் ஓடவிட்டு, சூட்டை ஏற்றித் திரும்பக் கடலிலேயே விடுகிறோம். உறிஞ்சுகிற வாயில் ஒரு பொலித்தீன் பை ஒட்டிக்கொண்டால் போதும். முதலில் பம்பின் சத்தம் மாறும். பிறகு கூலருக்குப் பக்கத்து வெப்பமானியில் முள் மெதுவாக ஏறும். கொஞ்ச நேரத்தில் அலாரம் அடிக்கும், எல்லோரும் ஓடுவோம். ஏனென்றால் அந்தச் சூட்டை எடுக்காவிட்டால் எஞ்சினை நிறுத்தத்தான் வேண்டும். எங்களுக்குக் கடல் இருந்தது. விண்கப்பலுக்கு அது இல்லை.

வெளியே சரியான குளிர், சூடு தானாக ஆறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் தேநீர் ஊற்றி வைக்கிற பிளாஸ்கை யோசித்துப் பாருங்கள். அதன் இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றில்லாத வெற்றிடம் இருப்பதால்தான் தேநீர் மணிக்கணக்காகச் சுடச்சுட இருக்கிறது. விண்கப்பலைச் சுற்றி இருப்பதும் வெற்றிடம். தொட்டுச் சூட்டை வாங்கக் காற்றோ தண்ணீரோ அங்கே இல்லை. கதிர்வீச்சாக வெளியே வீசுவது ஒன்றுதான் வழி. அதற்குப் பரப்பு வேண்டும், நிறைய வேண்டும். 10 மெகாவாட் வீண்சூட்டை, அறை வெப்பமான 27 பாகையில் இருக்கும் தகடுகளால் வீசுவதென்றால், இரண்டு பக்கமும் வீசினாலும் ஏறக்குறைய 11,000 சதுர மீற்றர் தகடு வேண்டும். ஒன்றரைக் காற்பந்து மைதானம். தகட்டை 327 பாகைக்குச் சூடாக்கினால் பரப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே வலுவான எஞ்சின் உள்ள கப்பலில் ரேடியேட்டர், அதாவது சூட்டை வீசும் இந்தத் தகடு, கொதிக்கக் கொதிக்கத்தான் இருக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தை வடிவாகப் பாருங்கள். பளபளக்கும் பெரிய சூரியத் தகடுகளோடு, வெள்ளை நிறத்தில் மடிப்பு மடிப்பாக நீண்ட பலகைகளும் தெரியும். அவைதான் ரேடியேட்டர்கள். உள்ளே குழாய்களில் அமோனியா ஓடுகிறது. சூரியத் தகடுகள் சூரியனுக்கு முகத்தைக் காட்ட, இவை விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 2001: எ ஸ்பேஸ் ஒடிசி படத்துக்காக டிஸ்கவரி என்ற கப்பலை வரைந்தபோது, ஆரம்ப வரைபடங்களில் ரேடியேட்டர்கள் இருந்தன. நாசாவில் இருந்து வந்த பிரெட்ரிக் ஓர்ட்வேயும் ஹரி லாங்கேயும் ஆலோசகர்களாக இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும். ஆனால் பார்ப்பவர்கள் அதை இறக்கை என்று நினைத்துவிடுவார்கள், காற்றில்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று கேட்பார்கள் என்று குப்ரிக் அவற்றை எடுத்துவிட்டார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் அவ்வளவு கவனமான மனிதர் வைத்திருந்தால், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். 2009இல் அவதார் படத்தின் தொடக்கத்தில், பெரிய சிவப்புத் தணலாக எரியும் ரேடியேட்டர்களோடு ஒரு கப்பல் சில வினாடி வந்து போகும். அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தச் சில வினாடிகளைத்தான்.

அடுத்தது, கீழ் எது என்ற கேள்வி. பெரும்பாலான படங்களில் ஆட்கள் வீட்டில் நடக்கிற மாதிரி நடக்கிறார்கள். காரணம் சொல்லப்படுவதில்லை. சுழலும் சக்கரத்துக்குள் ஆட்களை வைத்தால் அதன் வெளிச்சுவர் தரையாகும். டிஸ்கவரிக்காக விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ரோங் நிறுவனம் ஏறக்குறைய 12 மீற்றர் விட்டமுள்ள, உண்மையாகவே சுழலும் சக்கரம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. அதில் ஒரு காட்சி. ஒருவர் மேசையில் இருந்து சாப்பிடுகிறார், இன்னொருவர் எதிர்ப்பக்கத்தில் ஏணியால் இறங்கி வளைவான தரையில் நடந்து அவரிடம் வருகிறார். சாப்பிடுகிறவரைக் கதிரையோடு வாரால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இறங்கியவர் நின்ற இடத்திலேயே நடக்க, சக்கரம் சுழன்று மற்றவரைக் கீழே கொண்டுவந்தது. கணினி வரைகலை இல்லாத காலம். இன்றைக்குப் பார்த்தாலும் அதில் பொய் தெரியாது.

ஆனால் அந்த அளவுச் சக்கரத்தில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தரம் சுற்ற வேண்டும். தலையைத் திருப்பினாலே சத்தி வரும். சந்திரனின் ஈர்ப்பு போதும் என்றால் ஐந்து சுற்று. நிமிடத்துக்கு இரண்டு சுற்றில் ஆறுதலாகப் பூமியின் ஈர்ப்பைப் பெற, விட்டம் 450 மீற்றர் அளவில் இருக்க வேண்டும். 2014இல் வந்த இன்டர்ஸ்டெல்லார் படத்தின் கப்பலும் பன்னிரண்டு பெட்டிகளை வளையமாகக் கோத்த சுழல்கப்பல்தான். 2015இல் தொடங்கிய எக்ஸ்பான்ஸ் தொலைக்காட்சித் தொடரில் இன்னொரு வழி. எஞ்சின் அடியில், அதற்கு மேல் மாடி மாடியாக அறைகள். எஞ்சின் தள்ளும்போது பின்பக்கமே கீழ். எனக்கு இது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தரை எங்கே என்பதை எஞ்சின் முடிவுசெய்கிறது.

குப்ரிக்கோடு சேர்ந்து அந்தத் திரைக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க் எங்கள் ஊர்க் கடலில் முக்குளித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அவர் 1956இல் இலங்கைக்கு வந்தார். தன் முக்குளிப்புத் தோழர் மைக் வில்சனோடு சேர்ந்து கோணேசர் மலையடியில் இறங்கி, 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் பார்த்தார். எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று அறியத்தான் முக்குளிக்கத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்றும் நாசா விண்வெளி வீரர்களைப் பழக்குவது ஹூஸ்டனில் 12 மீற்றர் ஆழமான நீர்த்தடாகம் ஒன்றில்தான். விண்கப்பல் படங்களில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஒன்றின் பின்னால் எங்கள் கடலும் கொஞ்சம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

கணக்குச் சரியாக இருப்பது மட்டும் போதாது. கப்பலில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்ற உணர்வும் வர வேண்டும். ஸ்டார் வோர்ஸ் படத்துக்காகச் செய்த சிறிய மாதிரிக் கப்பல்களின் மேற்பரப்பில், கடைகளில் வாங்கிய பிளாஸ்டிக் யுத்தத் தாங்கி, போர்க்கப்பல் பொம்மைகளின் துண்டுகளைப் பிய்த்து ஒட்டினார்கள். அந்தச் சின்னச் சின்ன விபரங்களால்தான் ஒரு மீற்றரும் இல்லாத மாதிரி கிலோமீற்றர் நீளமாகத் தெரிகிறது. அப்படி ஒட்டிய குழாய்கள் எங்கிருந்தும் தொடங்குவதுமில்லை, எங்கும் போய் முடிவதுமில்லை என்பது எஞ்சின்காரனின் கண்ணுக்குத் தெரியும். 1979இல் வந்த ஏலியன் படத்தின் நொஸ்ட்ரோமோ வேறு விதம். இரண்டு கோடித் தொன் தாதுப்பொருளை இழுத்துவரும் வணிகக் கப்பல், ஆள் ஏழு பேர். ரொன் கொப் அதன் உட்புறத்தை வரைந்தபோது கதவுகளுக்கும் அறைகளுக்கும் தனித்தனி எச்சரிக்கைக் குறிகள்கூட அமைத்தார். எஞ்சின் பகுதியில் வேலை செய்கிற இருவர் தங்கள் போனஸ் பங்கு குறைவு என்று மேலே இருப்பவர்களோடு தர்க்கப்படுகிறார்கள். தண்ணீர் சொட்டுகிறது, சங்கிலிகள் தொங்குகின்றன. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். நான் வேலை செய்த கப்பல்களின் மணமே எனக்கு அந்தக் காட்சிகளில் வந்தது.

தமிழ்ப் படங்களுக்கும் இதில் பழைய உறவு உண்டு. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டில், 1963இல், எம்.ஜி.ஆர். நடித்த கலை அரசியில் வேற்றுக்கிரகத்தார் வந்து பாடகி ஒருத்தியைக் கொண்டுபோய்விட்டார்கள். 2018இல் ஜெயம் ரவி நடித்த டிக் டிக் டிக் என்ற விண்வெளிப் படம் வந்தது. எங்களிடம் ஹொலிவூட்டின் பணம் இல்லை என்பார்கள். காற்றில்லாத இடத்தில் சத்தம் பரவாது; வெளியே வெடிப்பு நடக்கும்போது ஒலியை அடியோடு நிறுத்துவதற்குப் பணம் வேண்டாம். இன்டர்ஸ்டெல்லாரில் அந்த மௌனம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கப்பலை ஓடவிடுவதற்கும், மாதிரியில் நான்கு ரேடியேட்டர்களை ஒட்டுவதற்கும் பெரிய செலவில்லை.

கதையும் அங்கேயே கிடைக்கிறது. 2013 மே மாதத்தில் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் வெளியே வெள்ளைத் துகள்கள் பறப்பதைக் கண்டார்கள். கூலிங் குழாயிலிருந்து அமோனியா கசிந்து உறைந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் இருவர் உடை மாட்டி வெளியே போய்ப் பம்பை மாற்றினார்கள். அங்கே வில்லன் யாரும் இல்லை. எனக்கு அப்படியொரு தமிழ்ப் படம் பார்க்க ஆசை. பாரம் ஏற்றிய ஒரு விண்கப்பல், வேகம் குறைக்க எஞ்சினை எரித்தே ஆகவேண்டிய நேரம், ஒரு ரேடியேட்டரில் கசிவு. எரித்தால் எஞ்சின் உருகும், எரிக்காவிட்டால் கிரகத்தைத் தாண்டிப் போய்விடும். கப்டன் மேலேயிருந்து கேட்கிறார், "எத்தனை நிமிடம் எரிக்கலாம்?" கீழே எஞ்சின் அறையில் ஒருத்தி வெப்பமானியைப் பார்த்தபடி கணக்குப் போடுகிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.