வண்டிக்கு அடியில் ஓடும் காற்று

(கோவையில், வாகனங்களுக்குப் பாடி கட்டும் பட்டறையாளர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பட்டறைத் தொழிலில் ஊறிய அண்ணன்மார்களுக்கும், மாணவர்களுக்கும் வணக்கம்.

கரூரில் பேருந்துக்கும், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் பாடி கட்டிப் பேர் வாங்கிய மண் இது. முகப்புக் கண்ணாடியின் சாய்விலும் கூரையின் வளைவிலும் நம்மவர்கள் காட்டும் கைத்திறன் சாதாரணமானதல்ல. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸின் அடிப்பக்கத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இங்கே வந்திருக்கிறேன்.

ஓடும் வண்டியின் மீது காற்று இரண்டு விசைகளைச் செலுத்துகிறது. பின்னோக்கி இழுப்பது இழுவிசை. மேலே தூக்குவது தூக்குவிசை. இரண்டுமே வேகத்தின் இருமடியில் வளர்பவை; 60 கிலோமீட்டர் வேகத்தை 120 ஆக்கினால் நான்கு மடங்காகின்றன. நடுத்தர அளவுள்ள ஒரு கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதைக் காற்று பின்னிழுக்கும் விசை சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். அதே வேகத்தில் சாதாரணக் காரை மேலே தூக்கும் விசை அதில் பாதி அளவுக்கும் இருக்கலாம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காருக்கு இது பொருட்டல்ல என்று தோன்றும்; 200 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்காகி, பின்சக்கரங்களின் பிடியைக் குறைக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

இந்த விசைகள் அடிப்பக்கத்தில் எப்படிப் பிறக்கின்றன? கீழ்பவானி வாய்க்கால் ஒரு குறுகிய பாலத்தின் அடியில் நுழையும்போது தண்ணீர் வேகம் எடுப்பதை எல்லோரும் கண்டிருப்போம். சாலைக்கும் வண்டியின் தரைக்கும் நடுவே நுழையும் காற்றும் அப்படியே வேகம் எடுக்கிறது; 1738-இல் பெர்னூலி எழுதிவைத்தபடி, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அடியில் அழுத்தம் குறைந்தால் வண்டி சாலையை நோக்கி இழுக்கப்படும். இது தரை வழவழப்பாக இருக்கும் வண்டிக்குப் பொருந்தும். நம் வண்டிகளின் அடியிலோ குறுக்குச் சட்டங்கள், டீசல் டேங்க், ஏர் டேங்க், புரொப்பெல்லர் ஷாஃப்ட், அச்சு, சைலன்சர், ஸ்டெப்னி என்று வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் பின்னாலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் காற்று சுழன்று சுழன்று தன் ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றல் நம் டீசலிலிருந்து போனது. காற்று தளர்ந்து தேங்கும்போது அடியில் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. கூரையின் மேல் அது குறைந்தே இருப்பதால் வண்டி மேலே தூக்கப்படுகிறது. ஆக, ஒரே கரடுமுரடு இழுவிசை, தூக்குவிசை இரண்டையும் சேர்த்தே கூட்டுகிறது.

புதிய கார் ஒன்றின் முன்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பாருங்கள். கையகலத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். வேகத்தடையில் உரசுகிறது என்று பலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சுழலும் டயரின் முகத்தில் காற்று நேராக மோதாமல் விலகிச் செல்வதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. சர்வீஸுக்குப் பின் எஞ்சினின் அடித்தட்டைத் திரும்ப மாட்டாமல் விடும் பழக்கமும் இப்படிப்பட்டதுதான். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பந்தயக் கார் வடிவமைப்பாளர்கள் இந்த அடிக்காற்றையே ஆயுதமாக்கினார்கள். பந்தய வீரர் கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளம் வைத்திருக்கும் நமக்கு அந்த வரலாறு அந்நியமானதல்ல. 1978-இல் மரியோ ஆன்ட்ரெட்டி ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் உலகப் பட்டம் வெல்வதற்குத் துணை நின்ற லோட்டஸ் 79 காரின் இருபுற அடித்தளங்கள், கவிழ்த்துப்போட்ட விமான இறக்கை போல வளைந்திருந்தன. பக்கவாட்டிலிருந்து காற்று புகாதபடி சாலையைத் தொடும் பாவாடைத் தகடுகள் தடுத்தன. வளைவுகளில் வேகம் ஆபத்தான அளவுக்குக் கூடியதால், 1983 முதல் கார்களுக்கு அடியில் தட்டையான தரையே கட்டாயமானது. 2022-இல் வளைந்த தரை மீண்டும் வந்தபோது, பல கார்கள் நேர்ச்சாலையில் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கின. வேகத்தில் கார் தாழ்ந்து சாலையை நெருங்கியதும் காற்று அடைபட்டு உறிஞ்சல் அறுந்தது. கார் எழும்பியதும் உறிஞ்சல் திரும்பியது. இந்தச் சுழற்சியே அந்தக் குதிப்பு. தரையின் பின்முனையை மெல்ல மேல்நோக்கிச் சரித்து, வேகமெடுத்த காற்றைப் படிப்படியாகத் தணிப்பதும் அவர்கள் தந்த பாடமே. சரிவு அதிகமானால் காற்று தகட்டை விட்டுப் பிரிந்து, பயன் கெடுகிறது.

லாரிக்குப் பந்தயக் காரின் பிடி தேவையில்லை. அதற்கு வேண்டியது குறைந்த இழுவிசை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை எண்ணிப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வாளையாறு நோக்கிச் செல்லும் லாரிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை அதன் வேகம் 110. இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பொள்ளாச்சிச் சாலையில் அதே காற்று பக்கவாட்டில் நுழைந்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தில் புகுந்து, பின்அச்சில் மோதுகிறது. அந்த வெற்றிடத்தைப் பக்கத் தகட்டால் மூடுவதுதான் நம் பட்டறைகளில் இன்றே செய்யக்கூடிய முதல் வேலை. நீண்ட டிரெய்லர்களில் இதன் பலனை வெளிநாடுகளில் நிறையவே கண்டிருக்கிறார்கள்.

தகடு அடிக்கும்போது பிரேக் டிரம்மை மூடிவிடக் கூடாது. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்கும் லாரிக்கு, டிரம்மைத் தொடும் காற்று உயிர்க்காப்பு. கிரீஸ் அடிக்கும் இடங்களும் கைக்கு எட்ட வேண்டும். மெக்கானிக்கைச் சிரமப்படுத்தும் தகடு மறுமாதமே கழன்றுவிடும்.

செயற்கையாகக் காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இல்லாமல் இதைச் சோதிக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்கலாம். முடியும். விரலளவு நூல் துண்டுகளை அடித்தகட்டில் வரிசையாக ஒட்டி, சிறிய கேமரா ஒன்றைக் கட்டி ஓட்டினால், காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் நேராகக் கிடக்கும். பிரியும் இடத்தில் துடிக்கும். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு நூலுக்கு அலைய வேண்டியதில்லை. பிறகு, காற்றில்லாத விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத சமதளத்தில், வண்டியை 80-க்குக் கொண்டுவந்து நியூட்ரலில் விட்டு, 60-க்கு இறங்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போதும் வரும்போதும், தகட்டோடும் தகடின்றியும், ஒரே சுமையில், ஒரே டயர் அழுத்தத்தில் அளக்க வேண்டும். நேரம் நீண்டால் தகடு வேலை செய்கிறது. நீளவில்லையென்றால், நூல் துடித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.