இருட்டில் இரு சக்கரம்

(உலக மிதிவண்டி நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் போக்குவரத்துக் காவல்துறை அதிகாரி அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் எலும்பு முறிவு மருத்துவர் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் உரையின் முற்பாதியை எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, நம்மில் பாதிப் பேரை இரவில் பத்திரமாக வீடு சேர்க்கும் மிதிவண்டிப் பழுதுபார்ப்போரே, பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் இன்று மிதிவண்டியிலேயே வந்து இறங்கினார் என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. வீட்டிலிருந்தே ஏறி வந்தாரா, தெருமுனையில் ஏறினாரா என்று ஆராய்வது நமக்குப் பண்பாகாது. காவல்துறை அதிகாரி அவர்களுக்கும் தனியே ஒரு நன்றி கூற வேண்டும். விளக்கில்லாத மிதிவண்டிகளைப் பிடிப்பதற்காக அவர் இரவுதோறும் சாலையில் இறங்கிக் கையை உயர்த்துகிறார். உயர்த்திய கையைக் கண்டு நிற்பதற்கும் அந்த வண்டியில் விளக்கு வேண்டும் என்பதே அவருடைய பணியின் பெருஞ்சிக்கல். மருத்துவர் அவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அவையில் இருப்போர் பலருடைய முழங்கையும் மணிக்கட்டும் அவரை நன்கு அறியும்.

ஆண்டுதோறும் ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018இல் அறிவித்தது. இந்நாளில் மிதிவண்டியால் உடல் நலம் பெறும், காற்று தூய்மையாகும், செலவு குறையும் என்றெல்லாம் பேசுவது வழக்கம். அவை யாவும் உண்மையே. யாவும் பகலுக்குரிய உண்மைகள். சூரியன் மறைந்த பிறகு அதே வண்டியில் அதே தெருக்களில் செல்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி எந்த மேடையிலும் என்னைத் தவிர ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே, கண்ணால் வரும் இடர், சாலையால் வரும் இடர், வண்டியால் வரும் இடர், நாயால் வரும் இடர் என நான்காகப் பகுத்துப் பேசுவதாகச் செயலாளரிடம் வாக்களித்திருக்கிறேன்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார்கள் நம் முன்னோர். அவர்கள் மிதிவண்டி ஓட்டியதில்லை. ஆயினும் இரவில் மிதிவண்டி ஓட்டுபவனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகின்றன. மங்கிய ஒளியைக் காணும் உயிரணுக்கள் மெல்ல மெல்லத்தான் விழிக்கின்றன. அரைமணி நேரம் பொறுமையாக மிதித்து அவற்றை எழுப்பி வைத்திருக்கும் வேளையில், எதிரே வரும் ஒரு கார் தன் முழுவிளக்கையும் நம் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். அடுத்த சில கணங்கள் நாம் நினைவை நம்பித்தான் ஓட்டுகிறோம். அந்தச் சில கணங்களில்தான் நேற்றுவரை இல்லாத பள்ளம் ஒன்று அங்கே வந்து அமர்ந்திருக்கும்.

நிழல் செய்யும் வேடிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருவிளக்கை நெருங்கும்வரை நம் நிழல் நமக்குப் பின்னால் அடக்கமாக வருகிறது. விளக்கைத் தாண்டியதும் அது சக்கரத்திற்கு அடியிலிருந்து பக்கவாட்டில் நழுவி முன்னே பாய்ந்து, நீண்டு, மெலிந்து, தலை மட்டும் எங்கோ தொலைவில் ஆடிக்கொண்டு ஓடுகிறது. யாரோ நம்மை முந்துகிறார்கள் என்று எண்ணி வழிவிட்டு ஒதுங்கியவர்களை நான் அறிவேன். தம் நிழலுக்கே மணியடித்தவர் ஒருவரையும் அறிவேன்.

சாலையைப் பற்றி விரிவாகப் பேச நேரம் போதாது. சக்கரம் செல்லும் திசைக்கு இணையாகக் கம்பிகள் அமைந்த வடிகால் மூடி எதற்காக உலகில் படைக்கப்பட்டது என்பது எனக்கு விளங்கவில்லை. அதன் கம்பிகளைக் குறுக்காக வைத்தால் தண்ணீர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கப் போவதில்லை. தண்டவாளம் பதித்த சாலையைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதைப் பகலில் எல்லாரும் அறிவர். இரவில் தண்டவாளம் எங்கே கிடக்கிறது என்பதைத்தான் எவரும் அறியார். இதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டிக்கு வருவோம். இங்குள்ள மூத்தோர் பலரும் டைனமோவை அறிவர். புட்டி வடிவில் சக்கரத்தின் அருகே தொங்கும் அந்தக் கருவியின் தலையிலுள்ள சிறு உருளையை டயரின் விலாவில் சாய்த்துவிட்டால், டயரோடு சேர்ந்து சுழன்று, ரீங்காரமிட்டு, 6 வோல்ட்டில் 3 வாட் மின்சாரம் தரும். அதில் 2.4 வாட் முன்விளக்கிற்கு, மீதி 0.6 வாட் பின்விளக்கிற்கு. இவ்வளவு சிக்கனமாகப் பாகப்பிரிவினை செய்துகொண்ட உடன்பிறப்புகளை வேறெங்கும் காண முடியாது. ஆனால் முன்விளக்கின் பல்பு எரிந்து போனால் அதன் பங்கும் சேர்ந்து பின்விளக்கின் மீது பாய, அதுவும் சற்று நேரத்தில் துணை போய்விடும். மழைநாளில் உருளை வழுக்கும். விளக்கு கண் சிமிட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டி ஓடினால் ஒளி, நின்றால் இருள். இரவில் செயின் கழன்றவர்களுக்குத்தான் இதன் முழுப்பொருள் தெரியும். செயினை மாட்ட வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்திற்கு வண்டி ஓட வேண்டும். வண்டி ஓடச் செயின் வேண்டும். ஒரு கையால் முன்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் பின்சக்கரத்தில் செயினை மாட்டிவிடலாம் என்று முயன்றோர் உண்டு. மனிதக் கைகள் அவ்வளவு நீளமாக அமையவில்லை.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் மேற்கொண்டு செல்ல இயலாது. அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் அடுத்த கூட்டத்திற்கு வரமாட்டார். நள்ளிரவுக்குப் பின் வேலை முடிந்து மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, தெருவில் மின்சாரம் இல்லை. டைனமோவின் மங்கிய வெளிச்சத்தில், எதிரே சற்றுத் தொலைவில், வெள்ளையாக, உயரமாக, கால்களே இல்லாமல், தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பளவு மேலே மிதந்தபடி ஓர் உருவம் அவரை நோக்கி வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுத்தான் இருந்தது. நண்பருக்குக் கால்கள் தளர்ந்தன. கால் தளர்ந்ததும் சக்கரம் தளர்ந்தது. சக்கரம் தளர்ந்ததும் விளக்கு மங்கியது. விளக்கு மங்கியதும் அச்சம் மிகுந்தது. அச்சம் மிகுந்ததும் கால்கள் மேலும் தளர்ந்தன. இப்படியே வண்டி நின்றது, விளக்கு அணைந்தது.

இனி அந்த உருவத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். அது வெள்ளை மழைக்கோட்டும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து, தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, விளக்கே இல்லாத ஒரு மிதிவண்டியில் வந்துகொண்டிருந்த நெட்டையான ஒரு மனிதர். அவர் கண்டதென்ன? ஆளரவமற்ற தெருவில் ஓர் ஒளி தானே தோன்றிற்று; மழையில் உருளை வழுக்க வழுக்கச் சிமிட்டிற்று; ஊளை போன்ற ஓர் ஓசை எழுப்பிற்று; நெருங்கி வந்து, சிவந்து, மங்கி, மறைந்தே போயிற்று. கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? அவரும் வண்டியைக் கீழே போட்டார். நண்பரும் கீழே போட்டார். ஒருவர் மரத்தின் பின்னும் மற்றவர் மதிலின் பின்னுமாக ஒளிந்துகொண்டு, எதிர்ப்புறத்துப் பேய் என்ன செய்யப் போகிறது என்று இருவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.

அந்த வேளையில் நாய் ஒன்று வந்தது. அது நடுநிலை தவறாத நாய். இருபுறமும் சமமாகக் குரைத்தது. இருவரும் ஒரே கணத்தில் வெளியே பாய்ந்து, இருட்டில் கைக்கு அகப்பட்ட மிதிவண்டியைத் தூக்கி நிறுத்தி, வந்த வழியே திரும்பி விரைந்தார்கள். நண்பருக்கு அகப்பட்டது நெட்டையர் வண்டி. இருக்கை எட்டாத உயரத்தில் இருந்தது, பெடல் காலுக்கு எட்டவில்லை, விளக்கையும் காணவில்லை. தம்மைத் துரத்திய பேய் வண்டியை இழுத்து நீட்டிவிட்டு விளக்கையும் விழுங்கிவிட்டது என்றே அவர் முடிவு செய்தார். நெட்டையர் நிலை இதைவிடப் பரிதாபமானது. நண்பரின் குட்டை வண்டியில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க அவர் மிதித்தபோது, எந்த ஒளிக்கு அஞ்சி ஓடுகிறாரோ அந்த ஒளியே அவருடைய கைப்பிடிகளுக்கு நடுவில் அமர்ந்து எரிந்தது. தப்பிக்க வேண்டி வேகமாக மிதித்தார். அது இன்னும் பிரகாசமாக எரிந்தது. சோர்ந்து மெதுவாக மிதித்தார். அதுவும் சோர்ந்து மங்கிற்று. அன்றிரவு அவர் வீட்டை அடைந்த வேகத்தைப் பகலில் எவரும் எட்டியிருக்க முடியாது. மறுநாள் நல்ல வெயிலில், அதே மரத்தடியில், அடுத்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள். யார் யாருக்குப் பேய் என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை இத்தனை நாளும் நாம் அரண்டவன் மீதே குற்றமாகச் சுமத்திவந்தோம். இருண்டவனை எவரும் கேள்வி கேட்கவில்லை. விளக்கில்லாமல் வரும் மிதிவண்டிக்காரர் தெருவிளக்கின் வெளிச்சத்தில் தமக்குச் சாலை தெரிகிறதே என்று அமைதியடைகிறார். அவருக்குச் சாலை தெரிவது ஒருபுறம் இருக்கட்டும். சாலைக்கு அவர் தெரிகிறாரா? பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். அது நல்ல கருவிதான்; தன் மீது விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் திறனுடையது. ஆயின் அந்த ஒளியை யார் அனுப்புவது? முகப்பு விளக்கு எரியும் காருக்குத்தான் அது மின்னும். விளக்கில்லாத மிதிவண்டிக்குப் பின்னால் விளக்கில்லாத மற்றொரு மிதிவண்டி வந்தால், இருவரும் பளபளக்கும் பிரதிபலிப்பான்களோடு ஒருவர்மீது ஒருவர் மோதிக்கொள்ளலாம்.

விளக்கு அண்மைக்காலத்து ஆடம்பரம் என்று எண்ண வேண்டா. 1817இல் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் தம் இருசக்கர வண்டியைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். பெடல் பின்னால் வந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் கார்பைடு விளக்கும் வண்டியில் ஏறிவிட்டது. மேற்கலத்துத் தண்ணீர் கீழ்க்கலத்துக் கார்பைடு மீது சொட்டுச் சொட்டாக விழ, எழும் வாயு எரிந்து வெண்சுடர் தந்தது. நடுவழியில் தண்ணீர் தீர்ந்துபோனபோது சிலர் என்ன செய்தார்கள் என்பதை, மேடையில் பெரியோர் வீற்றிருப்பதால், விவரிக்காமல் விடுகிறேன். இவ்வளவு பாடுபட்டும் அவர்கள் விளக்கோடு சென்றார்கள் என்பதே செய்தி.

1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, மிதிவண்டிக்குத் திறமான பிரேக், மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவற்றோடு, முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் ஒளியும் பின்னால் சிவப்பு ஒளியும் காட்டும் விளக்குகளையும் கேட்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான மிதிவண்டிகளுக்கு டைனமோ விளக்கே நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது; 2013இல்தான் பேட்டரி விளக்கும் போதும் என்றார்கள். டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004-05இல் 3,845 பேரை வைத்து ஓராண்டுச் சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குச் சக்கரக் கம்பியில் பொருத்திய காந்தங்களால் எரியும் விளக்குகளைக் கொடுத்தார்கள். அவற்றிற்குப் பேட்டரியும் இல்லை, மறந்துபோவதற்குப் பொத்தானும் இல்லை, பகலிலும் இரவிலும் வண்டி ஓடினால் எரியும். அவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகளின் வீதம் மற்றவர்களைவிட 19 விழுக்காடு குறைவாக இருந்தது.

நான் பல மேடைகளில் சொல்லிவருவதும், தலைவர் அவர்கள் பலமுறை கேட்டுச் சலித்திருப்பதும் இதுதான்: பிரேக் இல்லாமல் எந்தக் கடைக்காரரும் மிதிவண்டி விற்பதில்லை. பிரேக்கைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நாம் சிரிப்போம். விளக்கைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் தலையாட்டிக்கொண்டு வெளியே வருகிறோம், பிறகு வாங்குவதில்லை. வாங்கியவர்களோ, திருட்டுப் போய்விடுமென்று கழற்றிப் பையில் வைத்து, பையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். மின்னேற்ற மறந்த பேட்டரி விளக்கு, இல்லாத விளக்கைவிடக் கொடியது; அது புறப்படும்போது எரிந்து, தேவைப்படும்போது அணைகிறது. ஆகவே வண்டியோடு பிணைந்த விளக்கே வேண்டும். இன்று சக்கரத்தின் நடு அச்சிலேயே டைனமோவைப் பொருத்துகிறார்கள். அது மழையில் வழுக்குவதில்லை. விளக்கினுள் சிறு மின்தேக்கி ஒன்றை வைத்துவிட்டால், வண்டி நின்ற பின்னும் சில நிமிடங்கள் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்கள் கிடைத்திருந்தால் மூன்றாம் வரிசை நண்பர் மழைக்கோட்டைக் கண்டிருப்பார், நெட்டையர் மனித முகத்தைக் கண்டிருப்பார், நாயும் வீணாகக் குரைத்திருக்காது.

நாய் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்காவது இடரைப் பற்றிப் பேசவேயில்லை. அதற்குத் தனிக்கூட்டமே தேவைப்படும் என்பதால் செயலாளர் பொறுத்தருள்வாராக. இரவில் விளக்கைத் தேடி வரும் பூச்சிகள், பாடிக்கொண்டே ஓட்டுபவரின் வாய்க்குள் நுழைவதைப் பற்றியும் அக்கூட்டத்திலேயே பேசலாம்.

விற்கப்படும் ஒவ்வொரு மிதிவண்டியும், நின்றாலும் எரியும் முன்விளக்கு, பின்விளக்கு பொருத்தப்பட்டே கடையை விட்டு வெளியேற வேண்டும் எனக் கோரும் மனு ஒன்று வாயிலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையொப்பமிட இசைந்துள்ளார். அவருக்கு நம் அனைவர் சார்பிலும் நன்றி. மனுவின் ஓரத்தில், உங்கள் வண்டியில் தற்போது விளக்கு எரிகிறதா என்றொரு கட்டம் உண்டு. இல்லை என்று எழுத நேர்பவர்கள் தயங்க வேண்டா; காவல்துறை அதிகாரி அவர்கள் அந்தத் தாளை இன்று பார்ப்பதில்லை என்று எனக்கு உறுதியளித்திருக்கிறார். நேரம் கடந்துவிட்டதென்று செயலாளர் இருமுறை மணியடித்துவிட்டபடியால், மருத்துவர் அவர்களுக்கு வழிவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.