ஆயாவின் தாலி

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இன்று ஆகஸ்ட் 9. 1956-ல் இதே நாளில் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகைக்கு முன்னால் போய் நின்றார்கள், கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டம் வேண்டாம் என்று. அதனால்தான் தென்னாப்பிரிக்கா முழுக்க இன்று விடுமுறை. நமக்கு ஆடி மாதமும் கூட. பின்கட்டில் கூழ் கொதிக்கிற வாசனை மேடை வரைக்கும் வருகிறது. "உங்களுக்கு இந்தப் போராட்டப் புத்தி எங்கிருந்து வந்தது, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அது கூழ்ப் பானை அருகிலிருந்துதான் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் இருந்த எங்கள் குடும்பத்தை, இந்தியர்களுக்கென்று அரசு ஒதுக்கிய இந்த சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து போட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. ஆயா, என் பாட்டி, மக்காச்சோள மாவில் கூழ் கிண்டுவாள். குனியும்போதெல்லாம் தாலி முன்னால் வந்து ஆவியில் தொங்கும். மஞ்சள் கயிறு, வியர்வை பட்டுப் பட்டுக் கறுத்துப் போனது. இடது கையால் அதை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கிண்டுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே வந்துவிடும். ஒரு நாள் கையில் பிடித்தபடியே சொன்னாள்: "இது தாலியே இல்லேன்னு ஒரு ஜட்ஜு எழுதினான், தெரியுமாடி?"

அவள் பேசியது 1913-ஐப் பற்றி. அந்த வருடம் மார்ச் மாதம் கேப் நீதிமன்றத்தில் சர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணம்தான் இந்த நாட்டில் செல்லும் என்றார். ஒரே நாளில் நம் பாட்டிகள் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள் ஆனார்கள். ஏற்கெனவே மூணு பவுன் வரி வேறு. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்க நினைத்தால் வருடா வருடம் கட்ட வேண்டும், 13 வயதுப் பெண்பிள்ளை உட்பட.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெண்கள் கிளம்பினார்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளிகளோடு பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது. அப்புறம் கரும்புத் தோட்டங்களிலும் நின்றது. அந்தத் தோட்டம் ஒன்றில்தான் ஆயா அப்போது எட்டு வயதுப் பிள்ளை. பெண்களைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டுக் கடுங்காவல் கொடுத்தார்கள். பின்னால் அதே சிறைக்குப் போனவள்தான் தில்லையாடி வள்ளியம்மை. காய்ச்சலோடு வெளியே வந்தாள். சிறைக்குப் போனதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போவேன் என்றாள். 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோனாள். வரியை எடுத்துவிட்டு நம் திருமணங்களை ஏற்றுக்கொண்ட சட்டம் அந்த வருடமே வந்தது.

"பதினாறு வயசுப் பொண்ணு செத்து வாங்கிக் குடுத்த கல்யாணம்டி இது" என்றாள் ஆயா. சொல்லிவிட்டுக் கூழில் மோரை ஊற்றினாள்.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் என் காலம் முழுக்க ஓடியிருக்கிறது. புருஷன் கையில் அடிபட்டு வந்த பெண்களுக்காக நீதிமன்ற வாசலில் நின்றபோதெல்லாம் அதுதான் மனதில் இருந்தது. ஆனால் அதே வரி என்னைக் குத்தவும் செய்தது. என் மனம் பெண்கள் பக்கம்தான் போகிறது என்று 19 வயதில் தெரிந்துகொண்டேன். அப்படியானால் அந்தப் பெண் செத்து வாங்கிக் கொடுத்ததில் எனக்குப் பங்கு கிடையாதா? கேட்க ஆயா அப்போது உயிரோடு இல்லை.

1990 அக்டோபர் 13. ஜோகன்னஸ்பர்க்கில் தன்பாலீர்ப்பாளர்களின் முதல் ஊர்வலம். முகம் காட்டப் பயந்தவர்கள் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நானும் மாட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உள்ளே என் மூச்சே எனக்குச் சூடாகத் திரும்பி வந்தது. முன்னால் சைமன் என்கோலி வெறும் முகத்தோடு நடந்தார். நிறவெறி அரசு போட்ட டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் 22 பேரில் ஒருவராக நின்றவர். தூக்குக் கயிறு தலைக்கு மேல் தொங்கும்போது, சிறையில் கூட இருந்த தோழர்களிடம், நான் தன்பாலீர்ப்பாளன் என்று சொன்னவர். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை, கடைசியில் அவர்கள் மாறினார்கள். கறுப்பன் என்பதையும் தன்பாலீர்ப்பாளன் என்பதையும் என்னால் பிரித்து வைக்க முடியாது என்று அன்றைக்கு அவர் பேசினார். வள்ளியம்மைக்குக் கிடைத்த வயதைத் தாண்டி நான் ஒன்பது வருடம் வாழ்ந்திருந்தேன், பைக்குள் ஒளிந்துகொண்டு. வீடு போய்ச் சேரும் முன்பே அதைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிய முதல் நாடு நம் நாடு. 2005 டிசம்பர் 1-ல், பிரிட்டோரியாவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கில், அவர்களுக்கும் திருமண உரிமை உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ஆல்பி சாக்ஸ். 1952-ல் 17 வயதில், நிறவெறிச் சட்டங்களை மீறும் எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கியவர். குண்டு வெடிப்பில் ஒரு கையை இழந்தவர். அந்தத் திருமணங்களுக்கான சட்டம் 2006 நவம்பர் 30-ல் வந்தது.

அந்தத் தீர்ப்பை நான் சமையலறை மேசையில் வைத்துத்தான் படித்தேன். சர்ல் தீர்ப்பிலிருந்து 92 வருடம். கேள்வி மாறவே இல்லை: இவர்களுடையது திருமணமா, இல்லையா? 1913-ல் அந்தக் கேள்வியில் நின்றது நாம். அதனால்தான் நம் ஆட்களே இன்று தன் பிள்ளையைப் பார்த்து "இது என்ன கல்யாணம்" என்று கேட்கும்போது எனக்குத் தாங்குவதில்லை. சாட்ஸ்வொர்த்தில் இப்போதும் பெற்ற மகளை ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். பெட்டியோடு என் வாசலுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கூழ் ஆறுகிறது. ஊற்றுகிற இடத்தில் கரண்டியோடு நான்தான் நிற்பேன். வீட்டில் சொல்ல முடியாத விஷயம் யாருக்காவது இருந்தால் அங்கே வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். மகளைப் புரியவில்லையே என்று தவிக்கிற அம்மா அப்பாவும் வரலாம். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.