அந்த வகுப்பில் என் அப்பாவும் இருந்தார்

நடுவர் ஐயா, அவையோரே, வணக்கம்.

லண்டனில் பல நாட்டவர் ஆங்கிலம் கற்கும் இரவு வகுப்பைக் காட்டும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரான 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'-இன் முதல் பகுதியை இன்று பார்த்துச் சிரிக்கலாமா, கூடாதா? தாராளமாகச் சிரிக்கலாம் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் போகிற போக்கில் ஓர் அம்பு விட்டார். "தலைப்பாகைக்காரர் ஆங்கிலத்தில் தடுமாறினால் இவர்களுக்குச் சிரிப்பு. பெற்ற அப்பாவை அங்கே உட்கார வைத்தால் சிரிப்பார்களா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, என் அப்பா அப்படியொரு வகுப்பில் உட்கார்ந்தவர்!

பகலில் துறைமுகத்தில் மூட்டை. இரவில், 1960இல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கிய வயதுவந்தோர் கல்வி வாரியத்தின் ஆங்கில வகுப்பு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் நாற்காலி; முழங்காலை மடக்கினால் மேசை எழும்பும். பக்கத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்காரர், பின்னால் மலாய் லாரி ஓட்டுநர். ஆசிரியை ஓர் இளம் சீனப்பெண். பெயரைச் சொல்லி அழைத்ததும் அப்பா விறைப்பாக எழுந்து, "யெஸ் சார்!" என்றார். "சார் இல்லை, மிஸ்." "யெஸ் சார்!" "மிஸ் என்று சொல்லுங்கள்." "யெஸ் சார்!" வகுப்பே உருண்டு சிரித்தது. அப்பாவும்தான்.

இதை அம்மாவிடம் சொன்னபோது ஆசிரியை இரண்டு முறை திருத்தினார். சித்தப்பாவிடம் சொன்னபோது ஐந்து முறை. தீபாவளிக்கு வந்த உறவினர்களிடம் சொன்னபோது தலைமையாசிரியரே ஓடி வந்துவிட்டார்! அடுத்த வாரம் லாரி ஓட்டுநரும் "யெஸ் சார்" என்றாராம். ஆசிரியை திருத்துவதையே விட்டுவிட்டாராம்.

இப்போது லண்டன் வகுப்புக்கு வாருங்கள். 1977 டிசம்பர் 30. புதிய ஆசிரியரான ஆக்ஸ்ஃபர்டு பட்டதாரி ஜெரமி பிரவுனுக்கு ஒரு மாதச் சோதனைக் காலம். முன்பிருந்தவருக்கு இந்த மாணவர்களால் புத்தியே பேதலித்துவிட்டது என்று எச்சரித்துத்தான் முதல்வர் அவரை உள்ளே அனுப்புகிறார். அந்த அரைமணி நேரமும் திண்டாடுபவர் யார்? படித்தவர்! அந்தத் தலைப்பாகைக்காரர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். மாவோவை மேற்கோள் காட்டும் சூ லீயாக வந்த பிக்-சென் லிம் பினாங்குக்காரர். இன முத்திரை குத்துகிறது என்று 1979இல் தொலைக்காட்சி நிறுவன அதிகாரி மைக்கேல் கிரேடு தொடரை நிறுத்தினார். முத்திரை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அது ஓடியபோது அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இது எங்கள் வகுப்பு" என்றார்.

ஐயா, அந்த வகுப்புக்குப் போகும்வரை என் பள்ளிக்கடிதம் எதுவானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் படித்துக்கொள்வார். ஒருநாள் தட்டவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித் தானே படித்தார். பாதிச் சொற்கள் தப்பு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். நாள் முழுக்கச் சுமந்த தோளோடு இரவில் பாடம் கேட்கப் போன மனிதர், தன்னைப் போன்றவர்களைத் திரையில் கண்டு சிரித்தார். அது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரணி நண்பரே, நீங்கள் சொல்லுங்கள், அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து!

சிரிக்கலாம் என்றே தீர்ப்புச் சொல்லுங்கள், ஐயா.